கைக்கு கடி

நாய் விடவில்லை.

நஸ்ரினின் வலது கை மணிக்கட்டு வரை அதன் வாய்க்குள் இருந்தது. அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறியது. ஒவ்வொரு உதறலுக்கும் எலும்பு நெரிபடும் சத்தம் கேட்டது. அவள் அலறிய அலறலில் பக்கத்து ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த லேத் நின்றது.

"விடு! முனி, விடு!"

கத்தியது முதலாளி கிருஷ்ணகுமார் இல்லை, அவன் மனைவி சகுந்தலா.

முனி உடனே விட்டது. நல்ல நாய், சொன்ன பேச்சு கேட்கும். ரத்தம் சொட்டும் வாயோடு கிருஷ்ணகுமாரின் முன்னால் போய் உட்கார்ந்து வாலை ஆட்டியது. கடித்து முடித்தால் அவன் கையிலிருந்து உஸ்மானியா பிஸ்கட் கிடைப்பது வழக்கம்.

பிஸ்கட் வரவில்லை. இரும்புக் குழாய் வந்தது.

முதல் அடி தாடையில் விழுந்தது. பல் தெறித்தது. அடுத்தது முதுகில். நாய் ஓடவில்லை, திருப்பிப் பாயவும் இல்லை. பின்னங்கால் இழுத்துக்கொண்டு கிடந்தபடி அவனுடைய இன்னொரு கையையே பார்த்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்றாவது அடிக்கு அவன் ஓங்கியபோது சகுந்தலா நாயின் மேல் விழுந்தாள்.

ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் அந்த ஷெட்டில் நாய்ப் படுக்கை செய்தார்கள். இரும்புக் குழாயில் சட்டம், அதன் மேல் இழுத்துத் தைத்த தடித்த துணி. மாதாப்பூர் பக்கம் சாஃப்ட்வேர் வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் ஆபீஸ் போனபின் தனியாகக் கிடக்கும் நாய்கள் பஞ்சு மெத்தையை ஒரே பகலில் கிழித்து வீடு முழுக்கப் பறக்கவிடும். காப்பக நாய்கள் இன்னும் மோசம். அவற்றின் பல்லுக்கு இந்தப் படுக்கைதான் அசையாமல் நின்றது. சட்டத்தில் என்ன இருக்கிறது, எல்லாம் நஸ்ரினின் தையல்.

புதுத் துணி ஒவ்வொன்றையும் முனிதான் சோதித்தது. "கடி" என்ற சொல் காதில் விழுந்தால் போதும், எதிரில் இருக்கும் படுக்கைத் துணி மேல் பாயும்.

நஸ்ரின் இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாகச் சொல்லியிருந்தாள். பாலாநகரில் சொந்தமாக மெஷின் போடப்போகிறாள். காப்பகத்துக்காரர்கள் இனி அவளிடமே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. வளர்த்த கடா மார்பில் பாய்கிறதே என்று கிருஷ்ணகுமார் ஒரு வாரமாகப் பொருமிக்கொண்டிருந்தான்.

ஷெட்டுக்குள் கூட்டம் கூடிவிட்டது. இரண்டு பெண்கள் நஸ்ரினைத் தரையில் சாய்த்து அவள் கையைத் துப்பட்டாவில் சுற்றினார்கள். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. ஒருவர் ஆட்டோவுக்கு ஓடினார்.

நாய்க்கு வெறி பிடித்துவிட்டதா என்று லேத் பட்டறை அப்துல் காதர் கேட்டார்.

வெறி இல்லை, பாஷைதான் சனியன் என்றான் கிருஷ்ணகுமார். தெரிந்த தெலுங்கையும் இந்தியையும் குழைத்து எல்லோருக்கும் விளக்கினான். தமிழில் "கடி" என்றால் கடிக்கச் சொல்வது. நஸ்ரினுக்குத் தமிழ் தெரியாதே என்று இந்த ஊர் இந்தியில் "கைக்கு கடி ஹை?" என்று கேட்டானாம். ஏன் நிற்கிறாய் என்று. நாய் அதில் தன் சொல்லைக் கேட்டுக்கொண்டு துணி மேல் பாய்ந்தது. துணியைப் பிடித்திருந்த கை நடுவில் மாட்டிக்கொண்டது.

இத்தனை நாள் இது நடக்காததற்கும் காரணம் இருந்தது. கோயமுத்தூர்க்காரனுக்கு இந்தியில் ஆண்பால் பெண்பால் வராது. நிற்கிற பெண்களையும் ஆண்களைக் கேட்பதுபோல் "கடா" என்றே கேட்பான், ஷெட்டில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இன்றைக்குத்தான் முதன்முதலாக இலக்கணம் பிசகாமல் பேசினேன், அதற்கு இந்தக் கதியா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

கூட்டத்துக்கு மனசு இளகிவிட்டது. அப்துல் காதர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். யார் மேலும் தப்பில்லை, ஆனால் ரத்த ருசி கண்ட நாயை வைத்திருக்கக் கூடாது, இப்போதே முடித்துவிடு என்றார். வலியில் பாதிக் கண் மூடிக் கிடந்த நஸ்ரின்கூட, சேட் பாவம், அவர் என்ன செய்வார் என்பதுபோல் தலையசைத்தாள்.

கிருஷ்ணகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குழாயை எடுத்தான்.

சகுந்தலா நாயை விட்டு எழவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தூக்கிய குழாயைப் பார்த்து அல்ல, அந்த அழுகையைப் பார்த்து. அவன் நஸ்ரினிடம் கேட்டபோது சகுந்தலா எதிரில்தான் படுக்கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். தமிழ்க் காதில் இரண்டு சொல்லும் தனித்தனியாகத்தான் விழுந்தன. கைக்கு. கடி.

தமிழில் சொன்னால் அவனுக்கு மட்டும்தான் புரியும். ஆண்கள் நடுவில் தன் உடைந்த இந்தியைப் பேச அவள் என்றுமே கூசுவாள். இப்போது கூசவில்லை.

"நை, உனே பைட்டி தீ!" என்று கத்தினாள்.

நஸ்ரின் நிற்கவே இல்லை, உட்கார்ந்திருந்தாள் என்று.

எல்லோரும் தையல் மெஷின் பக்கம் திரும்பினார்கள். அதன் முன்னால் கிடந்த முக்காலியின் காலடியில்தான் ரத்தம் தேங்கியிருந்தது.