இடுப்புப் பட்டை

காதுக்குள் சமநிலை உணர்வு செத்துப்போன செண்பகவல்லியை நடமாட வைத்தது இடுப்புப் பட்டைதான். எந்தப் பக்கம் சாய்கிறாளோ அந்தப் பக்கம் அதிரும்; அவள் நிமிர்ந்துகொள்வாள். அதை அணைக்கும் பொத்தான் கணவன் குலசேகரனின் போனில் இருந்தது.

கோபம் வந்தால் அவன் கை ஓங்குவதில்லை. பொத்தானை அழுத்துவான். அவள் சுவரில் மோதி விழுவாள்.

"தலைசுத்தல்காரி, விழாம என்ன செய்வா?" என்பான் பக்கத்து வீட்டாரிடம்.

இன்று மாடிப்படியின் உச்சியில் நின்று, "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். பக்கத்தில் நின்றவன் பொத்தானை அழுத்தினான். பட்டை அடங்கினால் கைக்கு எட்டியதைக் கெட்டியாகப் பிடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எட்டியது அவன் சட்டை.

இருவரும் உருண்டார்கள். கடைசிப் படியில் அவன் மண்டை பிளந்தது.

"ரெண்டு பேரும்தானே விழுந்தீங்க? நீ மட்டும் எப்படிம்மா பொழச்ச?" என்றார் இன்ஸ்பெக்டர்.

உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள்.

"எனக்கு விழுந்து பழக்கம் சார். அவருக்கு இதான் முதல் தடவை."