பாத்தி வழியே ஒரு சந்தூக்கு

எழுபத்து நான்காம் வருஷத்து ஆடி வெயிலில் மரக்காணத்து உப்பளம் கண்ணைக் கூச வைக்கிறது. தாவூதின் உடலை வைத்த சந்தூக்கை நான்கு இளைஞர்கள் வரப்பின்மேல் சுமந்து வருகிறார்கள். எந்த மதத்துக்காரரின் ஊர்வலமும் ஊர்த்தெரு வழியே போகலாம் என்று போன மாதம் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவன் தாவூது. கூடவே அலைந்தவன் அர்ச்சுனன். தாளில் முதல் கையெழுத்து அர்ச்சுனனின் அப்பா சிவஞானம் போட்டது. இன்று தெருமுனையில் கையை விரித்து மறித்தவரும் அவர்தான். "கோயில்ல காப்பு கட்டியாச்சுப்பா, பொணம் இந்தப் பக்கம் வரக்கூடாது." காப்பு கட்டிய மறுநாள் ஊர்க் கிழவி குப்பம்மாளின் பாடை அதே தெருவில்தான் போனது.

வரப்பில் இருவர் சேர்ந்து நடக்க இடமில்லை. இடப்பக்கம் தோள் கொடுத்த அர்ச்சுனன் பாத்திக்குள் இறங்கி நடக்கிறான். நாளை வாரவேண்டிய உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அது சிவஞானத்தின் பாத்தி. அர்ச்சுனன் வேண்டுமென்றே ஓங்கி மிதிக்கிறான். உப்பு நொறுங்குகிறது, அடியிலிருந்து கறுப்பாகச் சேறு கிளம்புகிறது. பாத வெடிப்புகள் எரிகின்றன. இன்னும் ஓங்கி மிதிக்கிறான்.

பின்னால் தாவூதின் அத்தா மஸ்தான் வருகிறார். முப்பது வருஷமாக இந்தப் பாத்திகளில் உப்பு வாரியவர். மகன்மேல் இருந்த கண்ணை மெல்லக் கீழே இறக்குகிறார்.

"ஏம்பா அர்ச்சுனா, பாத்து கால வையி. சேறு கலந்தா உப்பு வீணாப் பூடும்."

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறான் அர்ச்சுனன்.