பள்ளிப்பட்டுக்கு ஒரு பிளேசர்

"இந்த வேக்காட்டுல கோட்டாம்மா? ஆள உயிரோட அவிக்கலாம்னு பாக்கறீங்களா?"

கண்ணாடி முன்னால் நின்று கேட்டான் கதிரவன். வயது முப்பத்திரண்டு, அரக்கோணத்தில் ரயில்வே வேலை. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் போதும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவனை, திருத்தணியில் மலைக்குப் போகிற ரோட்டில் இருந்த ரெடிமேட் கடைக்குள் இழுத்து வந்திருந்தாள் கோமளவல்லி.

"பொண்ணு பாக்கற எடத்துக்கு வெள்ளையும் சொள்ளையுமா போனா, ஓட்டு கேக்க வந்துக்கிறான்னு நெனப்பாங்க," என்றாள். "நீங்க எடுங்க ஆறுமுகம்."

கடைக்காரர் ஆறுமுகம் சந்தன நிறத்தில் ஒரு பிளேசரை உதறி எடுத்தார்.

"இது லினன் தம்பி. உள்ள லைனிங் கெடையாது, காத்து பூந்துகினு போவும். கொஞ்சம் லூசாத்தான் இருக்கும், அதான் இப்ப ஸ்டைலு. பட்டன் போடாம உட்டுக்கணும்."

"யார் கிட்டயோ எரவல் வாங்கிப் போட்ட மாதிரி இருக்குமே."

"மூணு வருஷமா ரெண்டே சட்டைய மாத்தி மாத்திப் போட்டுகினு இருக்கியே, அதுக்கு இது எவ்வளவோ தேவல. கைய நீட்டு," என்றாள் கோமளவல்லி.

மணவூர் அங்கன்வாடியில் இருபது குழந்தைகளுக்குச் சட்டை மாட்டிப் பழகிய கை. அவன் மறுப்பதற்குள் கோட்டு தோளில் ஏறிவிட்டது. கை நுனியை ஒரு மடிப்பு மடித்துவிட்டு, அவனைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள்.

பார்த்தவள் சட்டென்று திரும்பி, வாங்கப் போகாத துண்டுகளைப் புரட்டத் தொடங்கினாள்.

"நல்லா இல்லயாம்மா?"

"ஆங், நல்லாத்தான் இருக்குது." துண்டை மடித்தபடியே சொன்னாள். "கழட்டாத. அப்படியே வா."

பள்ளிப்பட்டு பஸ்ஸில் அவன் முதுகு சீட்டில் படாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

"சாஞ்சி உக்காருப்பா."

"கசங்கிடும்."

"கசங்கனா கசங்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான். "இதெல்லாம் எதுக்கும்மா? நான் இப்படியே இருந்துடறேனே."

"நான் இருக்கற வரைக்கும் சோறு போடுவேன். அதுக்கப்புறம்? பேசாம வா."

அவன் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

பெண்ணின் அப்பா தேசப்பன் விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்தார். வாங்க என்று சொன்ன கையோடு கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கலப்பு இல்லாத லினன்," என்றார் வீட்டுக்குள் பார்த்து, மாப்பிள்ளையையே சோதித்துவிட்டவர்போல.

மோர் கொண்டுவந்த சுதா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நேராகவே பார்த்தாள்.

"பஸ்ல வந்தீங்களா?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"முதுகெல்லாம் ஒரே கசங்கல்."

அவன் அவசரமாகக் கோட்டை இழுத்துவிட்டான்.

"உடுங்க. கசங்கனதுதான் நல்லா இருக்குது."

கதிரவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கோமளவல்லி நினைத்துக்கொண்டாள். உள்ளே போன சுதா தன் அம்மாவிடம் தலையாட்டியது, கதவு திறந்திருந்ததால் எல்லோருக்கும் தெரிந்தது.

தேசப்பன் நாற்காலியைக் கோமளவல்லி பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எங்களுக்குச் சம்மதங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும். பெத்தவங்க நீங்க, மறைக்காம சொல்லணும். தம்பியோட மொதல் சம்சாரம் காய்ச்சல்ல தவறிடுச்சுன்னு தரகர் சொன்னாரு. அந்தப் பொண்ணு வூட்டுக்காரங்களால நாளைக்கு எங்க சுதாவுக்கு எதனா தொந்தரவு வருமா?"

"வராதுங்க," என்றாள் கோமளவல்லி. "அந்தப் பொண்ணப் பெத்தவ நான்தான்."