காரணத் திருத்தம்

வான்மதியின் இறப்புச் சான்றிதழில் ‘பரம்பரை இதய நோய்’ என்று வந்திருந்தது. பரம்பரை என்று பதிவானால் அது பிள்ளையின் அடையாள அட்டையிலும் தானாக ஏறிவிடும். பிறகு எந்தக் கம்பெனியும் அவளுக்கு வேலை தராது. செழியன் மூன்று வயது மகள் ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதிவாளர் முன் நின்றான்.

“வேற காரணம் போட முடியாதாக்கா?”

“காரணத்தப் போடுறது மிஷின். அதுகிட்ட சண்டையா போட முடியும், தம்பி? வேணும்னா ‘கணவரின் அலட்சியம்’னு மாத்தலாம். அவங்க வலிக்குதுன்னு சொல்லியும் நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலன்னு ஒத்துக்கணும்.”

வான்மதி ஒருநாளும் வலி என்று சொன்னதில்லை. சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள்.

“சொன்னா. நான்தான் வாயுப் பிடிப்புன்னு விட்டுட்டேன்.”

பதிவாளர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “அப்புறம் பிள்ளைய உங்ககிட்ட விட மாட்டாங்க. தெரியும்ல?”

“தெரியும். மாத்துங்க.”

வெளியே மரத்தடியில் காத்திருந்த மாமியார் சான்றிதழை வாங்கிப் படித்தாள்.

“எம்பொண்ணு வலிக்குதுன்னு சொன்னாளா?”

“சொன்னா, அத்தை.”

அவள் ஆதிரையை அவன் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.