இடது பக்கம் ஆம் என்றால்

“ஏம்மா, உங்க கம்ப்யூட்டரு மூணு மாசமா எனக்கு ஒரு தபாகூட போன் பண்லியே. கெட்டுப்பூடுச்சா?”

காலை ஒன்பது மணிக்கு உப்பள மேஸ்திரி சிங்காரம் இப்படிக் கேட்டால் எரிச்சல் வராதா?

நான் கிளியனூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். லேப்டாப்புக்குப் பக்கத்தில் விவாகரத்து மனு. பதினோரு மணிக்குத் திண்டிவனத்தில் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். இதில் எங்கள் மரக்காணத்து உப்பளத்துக்கு எழுதிய, மழை வருமுன் தானாகப் போன் போட்டுச் சொல்லும் புரோகிராமை வேறு நான் பார்க்க வேண்டுமாம்.

எழுதித் தொலைத்தவள் நான்தானே. திறந்தேன்.

ஒரே வரி. கலையரசனைக் கூப்பிடு, அல்லது சிங்காரத்தைக் கூப்பிடு. ‘அல்லது’ என்பதற்குப் பதில் நடுவில் இரண்டு செங்குத்துக் கோடுகள். இடது பக்கம் ‘ஆம்’ என்று வந்துவிட்டால் கம்ப்யூட்டர் வலது பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கலையரசன் எடுக்காவிட்டால்தான் சிங்காரத்துக்குப் போகும்.

கலையரசன் என் புருஷன். போன் எடுப்பதில் மகாராஜா. போன் மோட்டார் கொட்டகையில் கிடக்கும், இவர் உப்புப் பாத்தியில் நிற்பார். போன வருஷம் முக்கால்வாசி மழைக்குச் சிங்காரம்தான் ஓடி வந்து உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடினார். மூன்று மாதம் முன்னால் வீட்டை விட்டு வந்த பிறகு நானும் பதினேழு தடவை கூப்பிட்டேன். ஒன்றையாவது எடுத்தாரா?

அவர் பெயருக்கு நேராக, மூன்று மாதத்தில் பெய்த பதினான்கு மழைக்கும் ‘ஆம்’ என்று பதிவாகியிருந்தது.

எடுக்காத போனை எடுத்ததாக எண்ணுகிறது சனியன். தலையில் அடித்துக்கொண்டு, ஒவ்வொரு அழைப்பும் எத்தனை விநாடி என்று பார்த்தேன்.

பதிந்து வைத்த செய்தி பத்து விநாடி. அவர் ஒரு நிமிஷத்துக்குக் குறைந்து வைத்ததே இல்லை. மறுபடி கேட்க ஒன்றாம் எண்ணை அழுத்த வேண்டும். அழுத்தியிருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை மழைக்கு மட்டும் எட்டுத் தடவை.

மழை வருகிறது என்பதை எட்டுத் தடவை கேட்க அதில் என்ன இருக்கிறது?

போட்டுக் கேட்டேன்.

“மழை வருதுங்க. உப்ப மூடிடுங்க.”

போன வருஷம் நான் பேசிப் பதிந்தது. எதிரில் நின்று அவர் அழகு காட்டியதில், கடைசியில் வந்துவிட்ட என் சிரிப்பை வெட்ட மறந்திருக்கிறேன்.

என் போனை எடுத்திருந்தாலும் இதே குரல்தானே கேட்டிருக்கும்! என்ன மனுஷன் இவர்!

புரோகிராம் சரியாகத்தான் இருக்கிறது என்று சிங்காரத்திடம் சொன்னேன்.

பதினொன்றேகாலுக்கு வக்கீலிடமிருந்து போன் வந்தது.

நான் எடுக்கவில்லை.