காலி வீட்டின் குறைகள்

"மழை வந்தா இந்த மூலை அழ ஆரம்பிச்சிடும்மா. மேலாப்புல பட்டி பாத்து மூடியிருக்கேன், அவ்வளவுதான்" என்றார் பெயிண்டர், ஏணியில் நின்றபடியே.

வீடு பார்க்க வந்த பெண் தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் சாவி கேட்டு, கதவு திறந்துதான் இருக்கிறது என்று பதில் வாங்கி வந்தவர்கள். இந்தப் புறநகரில் இந்த வாடகைக்கு இரண்டு அறையா என்று படியேறும்போதே முகம் மலர்ந்திருந்தது.

பெயிண்டர் விடவில்லை. மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் விடிந்துவிடும் என்றார். சமையலறைக் குழாய் வாரம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும் என்றார். கடைசியாகச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"பேருக்குத்தாம்மா செவுரு. பக்கத்து வீட்ல ஸ்பூன் விழுந்தாலும் இங்க கேக்கும்."

"நல்ல வேளை சொன்னீங்கண்ணே" என்றாள் அவள். இருவரும் இறங்கிப் போனார்கள். காலையிலிருந்து திரும்பிப் போகும் மூன்றாவது ஜோடி.

செருப்புச் சத்தம் அடங்கியதும் பெயிண்டர் கீழே இறங்கினார். சட்டைப்பையிலிருந்து முடிச்சுப் போட்ட நூலை எடுத்து ஜன்னலடியில் நீட்டிப் பிடித்தார். அவர் வீட்டுக் கட்டிலின் நீளம் அது. விரல்கடை இடம் மிச்சமிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இருக்கும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இரண்டு மாதமாக வேலை முடிந்து இந்தத் தெருக்களைக் கால் தேயச் சுற்றியாயிற்று. ஊர்ச் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தவருக்கு, காலண்டர் மாட்ட ஒரு சுவர் வாய்க்கவில்லை.

போன் அடித்தது. நாலாவது முறையாக மனைவி.

"கொஞ்சம் பொறு. இன்னும் ரெண்டு பேரு முகஞ்சுளிச்சுட்டுப் போகட்டும், வீட்டுக்காரரு தானா வாடகைய இறக்குவாரு. நமக்கே வாங்கிடறேன். வீடு தங்கம்டி. அந்தச் செவுரு ஒண்ணுதான் கொஞ்சம் மெல்லிசு, மத்ததெல்லாம் நான் விட்ட கதை."

சற்று நேரத்தில் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். எட்டு மணிக்கெல்லாம் ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறவர், இன்று லுங்கியில், கழுத்தில் மப்ளரோடு நின்றார். பெயிண்டர் அதைக் கவனிக்கவில்லை. பேச வேண்டியதை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் யாருக்கும் வீடு பிடிக்கவில்லை, ஏனென்றுதான் புரியவில்லை என்று வருத்தப்பட்டார். பூட்டிக் கிடப்பதற்குப் பதில், வாடகையைக் கொஞ்சம் குறைத்தால் தானே குடும்பத்தோடு வந்துவிடுவதாகவும் சொன்னார்.

"உங்களுக்கு ஒரு ஒத்தாசைக்குத்தான் சார்."

வீட்டுக்காரர் இருமி முடித்தார். பிறகு அந்தச் சுவரை விரலால் மெதுவாகத் தட்டினார்.

"இங்க ஸ்பூன் விழுந்தாலும் எங்க வீட்ல கேக்கும்ப்பா."