நான்காவது முறையும் ஃபெயில்

“நேத்து நான் கடலுக்குப் போவேன்,” என்றார் குவாக்.

வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் துருக்கிக்கார ஒர்ஹான் ‘குவாக், குவாக்’ என்று வாத்து மாதிரி கத்தினான். அந்த அறுபது வயதுக் கொரியரின் பெயருக்கு அவன் தினமும் செய்யும் மரியாதை அது.

லுவானாவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. ஆங்கிலம் படிக்க பிரேசிலிலிருந்து வான்கூவர் வந்தவள் அவள். மாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வை ஜோடி ஜோடியாக நடத்துவார்கள்; ஒருவர் சொதப்பினால் இருவரும் ஃபெயில். அவளுக்கு வாய்த்த ஜோடி இந்தப் பெருசு.

டீச்சர் ஹெதர் பேனாவை மேசைமேல் எறிந்தாள். “‘போனேன்.’ நாலு மாசமா இந்த ஒரு வார்த்தை உங்க வாயில வரலை.”

குவாக் கொரிய மொழியில் ஏதோ முனகினார்.

“என் மூஞ்சியைப் பாத்து உங்க பாஷையில பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? எனக்கு அதுல ஒரு எழுத்துகூடத் தெரியாது. நினைவு தெரிஞ்ச நாளா இந்த ஊர்தான். பேசாம நீங்க ஊருக்குப் போய்ப் பிள்ளைகுட்டியோட இருங்க. எல்லார் நேரமும் மிச்சமாகும்.”

குவாக் தலைகுனிந்து வணங்கினார், சிரித்தபடியே. சூடு சொரணை இல்லாத மனுஷன் என்று லுவானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருவருமே ஃபெயில். குவாக்குக்கு நான்காவது முறை, அவளுக்கு முதல் முறை. அவள் விசா முடிய மூன்று மாதம்தான் இருந்தது. அதில் ஒன்றை மறுபடியும் முதல் வகுப்பில் தொலைக்க வேண்டும்.

சாயங்காலம் வெறுத்துப்போய்க் கடலோர நடைபாதையில் நடந்துகொண்டிருந்தாள். முன்னால் போன ஒரு வெள்ளைக்கார அம்மாளை சைக்கிள்காரன் ஒருவன் இடித்துத் தள்ளிவிட்டான். கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் வேடிக்கை பார்க்க, ஒருவர் மட்டும் அந்த அம்மாளின் பக்கத்தில் மண்டியிட்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

“மயக்கமில்லை, மூச்சு சீரா இருக்கு. இடது இடுப்பு முறிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். படகுத்துறை தாண்டி முதல் வளைவு. பூங்கா வழியா ஆம்புலன்ஸை அனுப்புங்க, இந்தப் பக்கம் வண்டி வராது.”

ஆங்கிலம் தண்ணீராக ஓடியது. லுவானா எட்டிப் பார்த்தாள். குவாக்.

ஆம்புலன்ஸ் போனதும் வழியை மறித்து நின்றாள். “இங்கிலீஷ் எங்கே கத்துக்கிட்டீங்க?”

“முப்பது வருஷம் கப்பல்ல இருந்தேன்,” என்றார் அவர், வேறு வழியில்லாமல்.

“அப்போ நாலு மாசமா வேணும்னே ஃபெயில் ஆனீங்களா? உங்களால எனக்கு ஒரு மாசம் போச்சே. வெக்கமா இல்லை?”

“உன் விஷயத்துல நான் செஞ்சது பெரிய தப்பு. நாளைக்கே உனக்கு வேற ஜோடி கேட்டுடறேன்.”

“ஒண்ணும் கேக்க வேண்டாம். காலையில முதல் வேலையா ஹெதர்கிட்ட சொல்லப்போறேன்.”

அத்தனை ஏளனத்துக்கும் சிரித்துக்கொண்டிருந்த முகம் இப்போது வெளுத்தது.

“சொல்லிடாதேம்மா. என்னை மேல் வகுப்புக்கு மாத்திடுவாங்க. ஹெதர் முதல் வகுப்புக்கு மட்டுந்தான் வருவா.”

லுவானா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஹெதருக்கு முப்பது வயதுகூட இராது.

“ஓ, சங்கதி அதுதானா? இந்த வயசுல ஆசையைப் பாரு,” என்றாள். அவரருகில் நிற்கவே அருவருப்பாக இருந்தது. “தினமும் நாயை விரட்டற மாதிரி விரட்டறா. அப்படியும் அவ முன்னாடி போய் உக்காரணுமா?”

குவாக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“விரட்டட்டும்மா. மூணு மாசக் குழந்தையாத் தத்துக் குடுத்தேன். இப்பத்தான் எம் பொண்ணு குரலைக் கேக்கறேன்.”